பங்குக்கு ஏற்ற காயம்

கல்குவாரியில் வெடி முந்தி வெடித்து மூன்று பேர் செத்த செவ்வாய்க்கிழமை காலை, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, பத்திரிகைக் குடும்பத்தின் பெரியண்ணனுக்குச் சாப்பாட்டு மேசையில் இடது கை மணிக்கட்டோடு போனது. எதிரே இருந்த தண்ணீர்க் குவளைகூடக் கவிழவில்லை. காயத்திலிருந்து மருத்துவர் எடுத்த சில்லுகள் கருங்கல் என்று பரிசோதனையில் தெரிந்தது. குவாரியில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் அவர் பெயரில் இருந்தது, அதனால் கையோடு விட்டது. முழுப் பங்கும் இருந்திருந்தால் ஆளே போயிருப்பார். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் மறுநாள் குவாரிச் செய்தி வரவில்லை. ஆசிரியர் படியில் தவறி விழுந்தார் என்று ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது.

அந்தக் குடும்பத்துக்கு மரியாதையைக் கொடுத்தது பத்திரிகை. பணத்தைக் கொடுத்தது அதே பத்திரிகைக் கட்டடத்தின் நாலாவது மாடி. பெயர்ப்பலகை இல்லாத இரண்டு அறைகளில் உட்கார்ந்து சின்னண்ணன், அப்பா விட்டுப்போன சொத்தைச் சத்தமில்லாமல் குவாரியிலும் சாயப்பட்டறையிலும் குளிர்பதனக் கிடங்கிலும் கப்பல் உடைக்கும் தளத்திலும், துப்பாக்கிக் காவலர்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிலும் போட்டு வந்தார். அண்ணன் கை போன இரண்டே வாரத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. பங்குகளைக் கம்பெனிக்குள் கம்பெனியாக ஏழு அடுக்கில் ஒளித்துப் பார்த்தார். காயம் ஏழு அடுக்கையும் தாண்டி வந்து அவர் காது மடலைக் கிழித்தது. பிறகு நூறு தொழில்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டார். சவரம் செய்யாமலே தினமும் முகத்தில் இருபது கீறல் விழுந்தது, விருந்தாளிகள் எதிரில் சங்கடமாக இருந்தது. லாபமோ வருடத்துக்குப் பதினெட்டு சதவீதத்துக்குக் குறையவில்லை, விற்க மனம் வரவில்லை. கடைசியில் ஆபத்தான பதினோரு தொழில்களைத் தங்கையின் பெயருக்கு மாற்றினார். அவளிடம் சொல்லவில்லை.

தங்கை கீழ்த்தளத்தில் பிழை திருத்தும் பகுதியை நடத்தி வந்தாள். ஆறு வருடத்தில் அவளுக்கு நான்கு பற்கள் தெறித்தன, விலா எலும்பு மூன்று தடவை முறிந்தது, ஒரு கோடை முழுக்கக் கால் விரல்கள் உறைந்து கறுத்துக் கிடந்தன. எலும்பில் சத்தில்லை என்றார் மருத்துவர். நிறையப் பால் குடி என்றார் பெரியண்ணன். ஒரு புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு, நாற்காலியில் இருந்தபடியே அவள் முதுகு வெந்தது. சட்டைத் துணி நலுங்கவில்லை. உள்ளே தோல் வழன்று தொங்கியது, அதில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. மறுநாள் களிம்போடு வேலைக்கு வந்தவளின் மேசைக்கு வெளியூர் நிருபர் அனுப்பிய ஆறு வரி வந்தது: சாயப்பட்டறையில் கொப்பரை கவிழ்ந்து தொழிலாளியின் முதுகு வெந்தது, நேரம் பதினொன்று இருபது. ஓரத்தில் பெரியண்ணன் பச்சை மையில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அவள் பழக்கதோஷத்தில் அதையும் பிழை பார்த்தாள். பிழை இல்லை.

சின்னண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அவள் நாலாவது மாடிக்கு ஏறினாள். பதிவேட்டில் பதினோரு இடத்தில் தன் பெயரைப் பார்த்தாள். கப்பல் உடைக்கும் தளத்தில் மட்டும் எண்பது சதவீதம். இழுப்பறையில் அண்ணன் தங்கை மூவரின் கையெழுத்தும் முன்கூட்டியே போட்ட வெற்றுப் பங்கு மாற்றுப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. அவசரத்துக்கு உதவும் என்று எப்போதோ வாங்கி வைத்தவை. பக்கத்திலேயே காவலர் கம்பெனிக்குப் போன கடிதத்தின் நகல். வேலைநிறுத்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கப்பல் உடைக்கும் தளத்தின் வாசலை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும், தேவைப்பட்டால் சுடலாம். அவள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். தன்னைக் கொல்லச் சின்னண்ணன் எழுதியதா, தன்னை மறந்துவிட்டு எழுதியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறந்திருப்பார் என்றே பட்டது. அதுதான் அதிகம் வலித்தது. ஒரு படிவத்தை எடுத்து எண்பது சதவீதத்தையும் அவர் பெயருக்கு எழுதி, கீழே குமாஸ்தாவிடம் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது சின்னண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணே, வாசல்ல சுடச் சொன்னியா?”

“மிரட்டத்தான். காலுக்குத்தான் சுடச் சொல்லியிருக்கேன்.”

“யார் காலுக்கு?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் படிவத்தின் நகலை மேசையில் வைத்தாள். “நேத்து நாலு மணிலேர்ந்து தளம் உன் பேர்ல இருக்கு. ஃபோன் பண்ணி நிறுத்து.”

தன் தோலுக்குப் பயந்தாவது நிறுத்துவார் என்று அவள் நம்பியிருந்தாள். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார். காவலர் தலைவரின் எண் வேறு அழைப்பில் இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார், அதே. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, “யார்கிட்டதான் இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்கான்” என்று கேட்டார், அழுகிற குரலில். ஒரு மாடி கீழே ஆசிரியர் அறையில் பெரியண்ணன்தான் காவலர் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தார். தன் பத்திரிகையின் புகைப்படக்காரர் நிற்க நல்ல இடம் வேண்டும், வேறு பத்திரிகைக்காரர்களை விடக் கூடாது என்று.

ஜன்னல்கள் மூடியிருந்தன. பத்து மணி மூன்று நிமிடத்துக்குச் சின்னண்ணனின் தொடையில் முதல் குண்டு விழுந்தது, அடுத்தது வயிற்றில், மூன்றாவது கழுத்தில். அவர் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் மடியிலேயே, பத்து மணி பதினோரு நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தளத்து வாசலில் அதற்குள் ஒரு வெல்டரும், கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வந்த அவர் மனைவியும் செத்திருந்தார்கள். முந்தின நாளே கடிதத்தை வெளியில் காட்டியிருந்தால் மூவரும் பிழைத்திருப்பார்கள் என்பது அவளுக்கு ரத்தத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது. குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றாள்.

அன்றிரவு பத்திரிகையின் முதல் பக்கத்தை அவளே கட்டினாள். மூன்று பெயர்கள், உயிர் போன வரிசையில், ஒரே அளவு எழுத்தில், சின்னண்ணன் மூன்றாவது. கீழே கடிதம் முழுதாக.

“தம்பி பேரைச் சுத்தியாவது கோடு போட்டு ஒரு பெட்டி கட்டேன்மா,” என்றார் பெரியண்ணன்.

“இடமில்லைண்ணே,” என்றாள்.

நாலாவது மாடி அவள் கைக்கு வந்தது. காவலர் கம்பெனியை இழுத்து மூடினாள். மற்றதை விற்றால் வாங்குகிறவன் இன்னொரு தங்கையைத் தேடுவான் என்று எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள். கொப்பரைகளுக்கு இரும்புத் தாங்கி வந்தது, குவாரியில் சங்கு ஊதாமல் வெடி வைப்பது நின்றது, லாபம் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குள் ஊரில் மற்ற முதலாளி வீடுகளிலும் விரல்களும் கண்களும் போகத் தொடங்கியிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் பங்குதாரர்களுக்குத் தனி வார்டு கேட்டார்கள்; இடமில்லாததால் தொழிலாளர் வார்டிலேயே சேர்த்துப் போட்டார்கள். மூன்றாம் வருடம் குளிர்பதனக் கிடங்கில் ஏணி சறுக்கியபோது அவளுக்கு அங்கே கட்டில் கிடைத்தது.

“வயசு?” என்று கேட்டாள் நர்ஸ்.

“நாப்பத்தாறு.”

“எத்தனை பர்சன்ட்?”

“முப்பது.”

“அப்ப கட்டு மட்டும் போதும்,” என்று எழுதிக்கொண்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே இரண்டு காலும் முறிந்து கிடந்த சுமைகாரர் தலையைத் திருப்பி, “ஏணி அடியில ரப்பர் தேஞ்சு போச்சுங்க,” என்றார்.

“தெரியும். நடுவுல ஒரு படியும் ஆடுது.”

“ஆமா, நாலாவது படி,” என்றார் அவர்.