நவம்பர் பாட்டுக்கு ஜூலையில் பயிற்சி

1

இது என் அத்தை சொன்ன கதை. அவர் கன்னியாஸ்திரி. 1994இல் விழுப்புரத்தில், வயதான சிஸ்டர்கள் தங்கும் இல்லத்தில், ஒரு மத்தியானம் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டே சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1941 ஜூலை மாதத்து மழையில் அந்தக் கன்னியர் மடத்தின் ஓடுகள்..."

படித்துக் காட்டியதும் அத்தை நிறுத்தினார். "அந்த வருசம் மல்லாட்டையே காஞ்சிப் பூட்சு. மழைய எங்கேர்ந்து கொண்ணாந்த?"

வேர்க்கடலையே காய்ந்துபோன வருடத்து மழையை எடுத்துவிட்டேன். (எனக்கு அது பிடித்திருந்தது.)

2

திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது மடம். பாடற்குழுவில் எட்டுப் பேர். லத்தீனில் பாடினார்கள், எட்டுப் பேரில் ஒருவருக்கும் லத்தீன் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, எந்த எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதன் தலையில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர் லூர்துமேரி.

"லூர்துமேரியின் குரல் தேன் போல..."

இல்லை. அந்த வாக்கியம் வேண்டாம். லூர்துமேரி கெடாரைச் சேர்ந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் முனியம்மாள். அப்பா தாண்டவராயன், சொந்தமாக ஒரு காணி நிலமில்லாத கூலியாள். மகளைச் சிஸ்டர்களின் போர்டிங் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஞானஸ்நானம் வாங்கிய மகள், பிறகு மடத்திலேயே சேரப்போவதாகச் சொன்னபோது அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள், "அங்க வயித்துக்குப் போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வருடத்துக்கு ஒருமுறை துண்டில் மல்லாட்டை முடிந்துகொண்டு பார்க்க வருவார். ஒருமுறை மாலைச் செபம் முடியும்வரை கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள எட்டுப் பேரு பாடுறீங்களா?" என்றார் மகளிடம்.

"ஆமாப்பா. ஆனா ஒரே கொரலா கேக்கணும். யாரு கொரலும் தனியா தெரியக் கூடாது."

"எனுக்குத் தெரிஞ்சிதே" என்றார் தாண்டவராயன்.

3

அந்த ஜூலையில் ஒரு காலை, லூர்துமேரியின் அண்ணன் பெரியதம்பி வாசல் கேட்டுக்கு வந்தான். கெடாரிலிருந்து விழுப்புரம்வரை நடந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வந்திருந்தான். அத்தை அன்று கேட்டில் வேலையாக இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்பா பூட்டாரு முனிமா. முந்தாநேத்து ஏர் ஓட்டிக்கினு இருந்தவரு அப்படியே குந்திட்டாரு. நேத்து எடுத்துட்டோம்."

லூர்துமேரி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வர முடியாதுன்னு தெரியும். வேற யாராச்சும் சொல்லி நீ தெரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். நான் வர்றேன்."

மடத்தில் சேர்ந்தவர்கள் சாவுக்குக்கூட வீடு போக முடியாது. அது எல்லாருக்கும் பொது விதி. இன்னொரு விதியும் இருந்தது. லூர்துமேரி மடத்துத் தலைவியான மதரிடம் போய், அப்பாவுக்காக இறந்தோர் பூசையில் பாடும் பாட்டை ஒரே ஒரு தடவை பாடலாமா என்று கேட்டார். மதர் பிரெஞ்சுக்காரர்; தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"உன் தகப்பனார் ஞானஸ்நானம் பெறவில்லை, மகளே. அவருக்காகத் திருச்சபை பாட இயலாது. நீ தனியாக வேண்டிக்கொள். அதை நான் தடுக்க மாட்டேன்."

சொல்லும்போது மதரின் முகம் வாடியிருந்தது என்றார் அத்தை. (அவரைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

அடுத்த மாதத் தேவமாதா திருநாளில் பாட எட்டுப் பேரும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் செத்த கிறிஸ்தவர்கள் எத்தனையோ பேருக்கு லூர்துமேரி பாடியிருக்கிறார், முகம் தெரியாதவர்களுக்கெல்லாம்.

4

இப்போது சிஸ்டர் இருதயமேரி வர வேண்டும். எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் இவர்தான். பாடற்குழுவின் தலைவி, புதுச்சேரிக்காரர், நாற்பது வயது. சுருதி தவறினால் ஆர்மோனியப் பெட்டியின் மேல் கட்டைவிரலால் தட்டுவார். ஆறு வருடத்தில் ஒருவரையும் பாராட்டியதில்லை. லூர்துமேரியைத்தான் அதிகம் திட்டுவார். இப்படிப்பட்டவர் ஒரே நாளில் மாறுவாரா? மாறுவதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதினேன்: சின்ன வயதில் அவருடைய தம்பி கடலில்...

"தம்பியெல்லாம் யாரும் இல்ல" என்றார் அத்தை. "அவங்க மாறவும் இல்ல. அன்னிக்கும் திட்டிக்கினேதான் இருந்தாங்க."

5

நாலு மணிக்குப் பயிற்சி. திருநாள் பாட்டுத் தாள்களோடு எல்லாரும் நின்றார்கள். லூர்துமேரியும் வந்திருந்தார், கண் வீங்கி.

"அதைக் கீழ வைங்க. கறுப்பு அட்டை நோட்ட எடுங்க" என்றார் இருதயமேரி.

கறுப்பு அட்டை நோட்டில் இறந்தோருக்கான பாட்டுகள் மட்டுமே இருக்கும். ஒரு சிஸ்டர் தயங்கிக் கேட்டார்: "யாரும் சாவலையே, சிஸ்டர்?"

"நவம்பர்ல இறந்தோர் திருநாள் வருது. அதுக்குப் பயிற்சி."

"இது ஜூலை மாசம், சிஸ்டர்."

"நீ பாடுற பாட்டுக்கு ஜூலையிலயே ஆரம்பிச்சாதான் உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பூசையில் பாடக் கூடாது என்றுதான் விதி. பயிற்சிக்கு விதி இல்லை. இருதயமேரி ஆர்மோனியத்தைத் திறந்து சுருதி கொடுத்தார்.

வழக்கமாகப் பயிற்சியில் நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை. பூசைத் தொடக்கத்திலிருந்து, சவப்பெட்டியைக் கோயிலுக்கு வெளியே தூக்கிப்போகும்போது பாடுகிற பாட்டுவரை, ஒன்றையும் விடாமல் போனார். லூர்துமேரிக்கு முதல் பாட்டில் குரலே வரவில்லை. இருதயமேரி வாசித்துக்கொண்டே, "வாயத் தொற" என்றார். இரண்டாம் பாட்டில் வந்தது.

கடைசிப் பாட்டின் நடுவில் மதர் வாசலில் வந்து நின்றார். இரண்டு பேர் வரியை விட்டுவிட்டார்கள்.

"என்னைப் பாருங்க" என்றார் இருதயமேரி, தலையைத் திருப்பாமல்.

பாடி முடித்தார்கள்.

"மற்றவர்கள் போகலாம்" என்றார் மதர்.

6

அத்தையும் மற்றவர்களும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். பயிற்சி அறையின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே மதரும் இருதயமேரியும் மட்டும்.

நான் எழுதிய முதல் முடிவு:

"இது யாருக்காக?" என்று மதர் கேட்கிறார். "பயிற்சி, மதர்." மதர், "கடைசிப் பாட்டில் சுருதி இறங்குகிறது. நாளையும் பாடுங்கள்" என்கிறார்.

இதை எழுதிவிட்டு நானே அழுதேன். அதனாலேயே சந்தேகம் வந்தது.

இரண்டாவது:

"கெடார் தாண்டவராயனுக்காக, மதர்" என்கிறார் இருதயமேரி. மதர் அவரைப் பாடற்குழுவிலிருந்து...

இதுவும் நடக்கவில்லை. இருதயமேரி 1946வரை அதே ஆர்மோனியத்தில் உட்கார்ந்து அதே மாதிரி திட்டினார். மறுநாள் திருநாள் பாட்டுக்கே திரும்பினார்கள். மதர் எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் அதன்பின் பயிற்சி நேரத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அது கோபமா, அனுமதியா என்று கேட்டேன்.

"எங்களுக்கும் தெரியல" என்றார் அத்தை. "லூர்துமேரிக்குத் தெரியும். அவ மட்டும் எங்ககூட வரல. கதவாண்டயே நின்னுக்கினு இருந்தா."

"அவங்க சொல்லலையா?"

"நான் கேக்கல. அவ சாவுற வரைக்கும் நாப்பத்தெட்டு வருசம் ஒண்ணா இருந்தோம். கேட்டிருக்கலாம்."

உள்ளே பேசியதை இட்டுக்கட்ட எனக்கு இனி மனம் வரவில்லை. ஆகவே இந்த இடத்தில் நான் நகர்ந்துகொள்கிறேன். வராந்தாவில் வெயில் சாய்ந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் தட்டுச் சத்தம். லூர்துமேரி கதவில் காதை வைக்கவில்லை, சுவரோரமாக நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது. வந்து நில்லுங்கள். மதர் பேசத் தொடங்கிவிட்டார்.