ஒச்சாண்டியின் முறைநாளில் பசை காய்ச்சியது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அனுமந்தன்பட்டிக்கு வெளியே பிளைவுட் பசை காய்ச்சும் ஆலை வைத்திருக்கும் விஜயபாண்டி, போன வாரம் வீட்டுக்கு வந்து அறிக்கை ஒன்று கேட்டார். ரியாக்டருக்குள் பசை கல்லாக உறைந்து, பீறிட்ட ஆவியில் ஆபரேட்டர் அம்மாவாசியின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. எப்படி நடந்தது என்று தொழிற்சாலை ஆய்வாளர் எழுத்தில் கேட்டிருக்கிறார்.

“நீங்கதான் கதை எழுதுறவுகளாச்சேண்ணே. அம்மாவாசி தானாத்தான் காரத்த மொத்தமா ஊத்திட்டாருன்னு, நம்புற மாதிரி எழுதணும்.”

இருபது வருடத்தில் என் எழுத்தின்மேல் ஒருவர் வைத்த முதல் நம்பிக்கை. எழுந்து வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். காபி கொடுத்தேன்.

2

தொடக்கங்கள்:

‘தேவாரத்து மலையில் மேகம் இறங்கிய ஒரு பிற்பகலில்’ (அடித்துவிட்டேன். மேகத்துக்கு இதில் வேலையில்லை.)

‘பீனாலும் பார்மலினும் நெடுநாள் ஒன்றையொன்று தேடி’ (ஆலையின் கெமிஸ்ட் ஜோதிலட்சுமியிடம் வாசித்துக் காட்டினேன். சிரிப்பை அடக்க அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்து இதையும் அடித்தேன்.)

அவள் விளக்கியது இது. பீனாலையும் பார்மலினையும் கலந்தால் மட்டும் போதாது, முடுக்கிவிட வினையூக்கி வேண்டும். அமிலம் போட்டால் வரும் பிசின், வேறொன்றைச் சேர்க்காமல் இறுகாது. இவர்கள் போடுவது காரம், காஸ்டிக் சோடா. அதில் வரும் பிசின் சூடு ஏறினால் தானே இறுகிவிடும், பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது. ஆகவே காரத்தைத் தவணையாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கலவை தானாகச் சூடேறும். ரியாக்டரைச் சுற்றியுள்ள குழாயில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு அதை இறக்கிய பிறகே அடுத்தது.

“ஊக்கி கடைசிவரைக்கும் தீராதுண்ணே. மத்ததுகள அவசரப்படுத்திட்டு அது பாட்டுக்கு அங்கனயேதான் கெடக்கும்” என்றாள்.

அன்றைக்குப் பசை ஏற்றிப்போகப் பெரும்பாவூர் லாரி காத்திருந்தது. மிச்சக் காரத்தை ஒரேயடியாக ஊற்றும்படி தேனியிலிருந்து போனில் சொன்னவர் விஜயபாண்டி. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சௌகரியமாக இருக்கிறார்.

3

இந்த இடத்தில்தான் அம்மாவாசி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆலைக்குத் தண்ணீர் தருவது பங்குக் கிணறு. ஒருநாள் விஜயபாண்டி முறை, மறுநாள் பங்காளி ஒச்சாண்டி முறை. ஒச்சாண்டி முறையன்று தண்ணீர் அவருடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போகும். ஆலைக்குத் தொட்டித் தண்ணீர் மட்டும்தான். தவணையாக ஊற்றினால் அது போதும். அன்று ஊற்றியது தவணையாக இல்லை. தொட்டி காலியாகி, சூடு தொண்ணூறைத் தாண்டியது. கையெட்டும் தூரத்தில் கிணற்று வால்வு.

அம்மாவாசி அதைத் திறக்கவில்லை. திறக்கலாமா என்று ஒச்சாண்டிக்குப் போன் செய்தார்.* ஒச்சாண்டி குளித்துக்கொண்டிருந்தார். மூன்று முறை மணி அடித்தது. நான்காவதற்குள் பசை முடிவெடுத்துவிட்டது.

கேட்காமலே திறந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன் என்று இப்போது ஒச்சாண்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

(* வெளியூர் வாசகர் இதை நம்ப மாட்டார் என்று தெரியும். கொலைக்குச் சாட்சி சொல்ல வராதவன்கூட, முறைத் தண்ணீரை மடைமாற்றியவனைப் பற்றிச் சொல்ல முதல் ஆளாக வந்து நிற்கும் ஊர் இது. நானும் போன்தான் செய்திருப்பேன்.)

4

முடிவுகள்:

(அ) விஜயபாண்டி கேட்டது. அம்மாவாசிக்கு வேலை போகும், ஆலை செலவில் நடக்கும் வைத்தியமும் நிற்கும்.

(ஆ) நடந்தது. ஆலைக்குப் பூட்டு, ஜோதிலட்சுமிக்கும் வேலை போகும்.

(இ) தண்ணீர் மோட்டாரில் கோளாறு. யார்மேலும் தப்பில்லை. என் எல்லாக் கதைகளையும் நான் இப்படித்தான் முடிப்பேன்.

(இ)யை எழுதி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவாசியின் மனைவி முத்துப்பேச்சி வாசித்துக் காட்டினார். கட்டுப்போட்ட கைகளை வயிற்றின்மேல் வைத்தபடி அம்மாவாசி கடைசிவரை கேட்டார்.

“மோட்டாரு நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. அதப் பாத்துக்கிறது மாரிசெல்வம். இப்ப அவன் தலையில வைக்கிறீகளா?”

அவரே தொடர்ந்தார்.

“மொதலாளி சொன்னாக, ஊத்துனேன். அத எழுதுனா எழுதுங்க, விட்டா விடுங்க. ஆனா கேக்காம அடுத்தவுக தண்ணியில கை வச்சேன்னு மட்டும் எங்கனயும் வந்துறக் கூடாது.”

முத்துப்பேச்சி காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். “கையி போனதுகூட இவுகளுக்குப் பெருசில்ல” என்றார். அவர் குரலில் கோபம்தான் இருந்தது, பெருமை இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது.

5

வீட்டுக்கு வந்து (இ)யைக் கிழித்துப் போட்டேன். (அ)வையும் (ஆ)வையும் எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்திருந்தன, அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு விஜயபாண்டி வந்தார். மேசையிலிருந்து ஒன்றை எடுத்து

நீங்கள் இதை வாசிக்கும் நேரத்தில், எதைக் கொடுத்தேன் என்பது முடிந்துபோன விஷயம். சொல்லப்போவதில்லை. தற்பெருமையாகிவிடும் என்று சொல்லாமல் விடுகிறேனா, அம்மாவாசியின் முகத்தில் இனி விழிக்க முடியாது என்பதால் விடுகிறேனா என்பதை, நான் சொன்னதை இவ்வளவு நேரம் வாசித்த நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள்.