கப்பல் பெயின்டும் சிட்டுவின் லாயமும்

சிட்டு என்கிற அந்தப் பெண் குதிரைக்கு ஒரு கெட்ட பழக்கம். கொள்ளு வைத்தால் ஏதோ நமக்காகத் தின்பதுபோல் நாலு வாய் தின்னும். மரத்தைக் கண்டால் மட்டும் விடாது. தீனித்தொட்டியின் விளிம்பைப் பாதி கடித்தே தீர்த்திருந்தது. மீதியைக் கரையான் பார்த்துக்கொண்டது. சங்கரன்கோவில் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிற சுலைமானுக்கு அந்தக் குதிரைதான் சோறு. சிராயை விழுங்கி அது படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடும். இந்த லட்சணத்தில் மனுஷன் ராஜபாளையம் ரோட்டில் நடக்கிற சின்னக் குதிரை வண்டிப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். சவாரிக் குதிரை பந்தயம் ஓடப்போகிறதாம் என்று ரயிலடியே சிரித்தது.

அவன் மனைவி மெஹர்பானுவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சிட்டுவைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள். லாயத்தைப் புதுசாகக் கட்டினால்தான் குதிரை தேறும் என்று அடம்பிடித்து ஆவுடையப்ப ஆசாரியை வரவழைத்தாள். அவரும் தூண்களைக் கல்லின்மேல் நிறுத்தி, தொட்டியையும் தடுப்பையும் மாம்பலகையில் அடித்துக் கொடுத்தார். வசதிக்கு அதுதான் கட்டுப்படியானது. ஆனால் மாம்பலகை என்றால் கரையானுக்குக் கல்யாண விருந்து. எதையாவது பூசித்தான் ஆகவேண்டும்.

எதைப் பூசுவது என்பதில்தான் ரகளை ஆரம்பித்தது. பஸ் ஷெட்டில் கழித்துப் போட்ட எஞ்சின் ஆயிலைப் பூசச் சொன்னார் ஒருவர். ரோட்டுக்கு ஊற்றுகிற தார்தான் சரி என்றார் இன்னொருவர். பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கிப் பூசினால் கரையான் ஜென்மத்துக்கும் வராது என்று ஒரு மகராசன் சொன்னார். சுலைமான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மெஹர்பானு எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"நீங்க பூசிட்டுப் போயிருவீங்க. நக்கப்போறது சிட்டுல்லா."

இப்படி எல்லாரையும் ஓட்டிவிட்டவள் ஒருவரிடம் மட்டும் வசமாக மாட்டிக்கொண்டாள். சுலைமானின் அண்ணன் முகைதீன் பிச்சை வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வேலையாக இருந்தார். லீவில் கடையநல்லூருக்கு வந்தவர், தம்பி லாயம் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, பெட்டியில் கொண்டுவந்திருந்த பெரிய பெயின்ட் டின்னோடு வந்து இறங்கினார். மயில் கழுத்துப் பச்சை. மூடியில் கப்பல் படம். ஃபாரின் சாமான் என்றால் சோப்பு உறையைக்கூட அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற காலம் அது. எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். டின்னைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

கணவனின் அண்ணனுக்கு எதிரே வந்து பேசுவது அந்த வீட்டு வழக்கத்தில் கிடையாது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் குடும்பமே இரண்டாகும். சொல்லாவிட்டால் சிட்டு அந்தப் பச்சையைச் சுரண்டித் தின்னும். பிரஷ்ஷும் கையுமாக அவர் லாயத்துக்குள் நுழைந்தார். மெஹர்பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லாயத்தை ஒட்டிய வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, குதிரையிடம் பேசுகிறதுபோல் பேசினாள்.

"ஏட்டி சிட்டு, பெரிய மச்சான் கொண்டாந்த பெயின்ட் கப்பலுக்கு அடியில பூசுறதாமே. வருசக்கணக்கா கடல்ல கெடந்தாலும் ஒண்ணும் ஒட்டாதாமே, அது எப்பிடியாம்?"

முகைதீன் பிச்சைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரும் குதிரையைப் பார்த்தே, ஆனால் தெருமுனைவரை கேட்கிறமாதிரி விளக்கம் சொன்னார். கடலில் சிப்பியும் பாசியும் வந்து கப்பலில் ஒட்டுமாம். அதைத் தடுக்கத்தான் இதில் விஷம் கலக்குகிறார்களாம்.

"ஒட்ட வந்த சிப்பி அங்கனயே செத்து விழும், பாத்துக்கோ."

"அப்ப நீ இதை நக்கினா என்னட்டி ஆவே?" என்றாள் மெஹர்பானு.

முகைதீன் பிச்சையின் முகம் சுருங்கியது. ஆசையாகச் சுமந்துகொண்டு வந்தது தப்பா என்று தம்பியிடம் பாயத்தான் திரும்பினார். அதற்குள் சிட்டு கழுத்தை நீட்டி, அவர் கையிலிருந்த பிரஷ்ஷின் மரப்பிடியைப் பிடுங்கி நறுக்கென்று கடித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கடிபட்ட பிடியைப் பார்த்தார், திறக்காத டின்னைப் பார்த்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லவேளை, மூடியத் தொறக்கல. என் வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிச்சுக்கிடுதேன்," என்று டின்னைத் தூக்கிக்கொண்டார்.

மெஹர்பானு மறுநாளே வேலையைத் தொடங்கினாள். பலகைகளுக்கு வேப்பெண்ணெயைச் சூடுகாட்டித் தேய்த்தாள். வெயிலில் ஊறவிட்டு மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். சுவருக்குக் கல் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவி தீட்டினாள். தொட்டியின் விளிம்புக்குக் கடலையெண்ணெய் டின்னை விரித்துத் தகரம் அடித்துக் கொடுத்த ஆசாரி, குதிரையின் வாய் கிழியாதபடி ஓரத்தை மடித்துத் தட்டினார். சுண்ணாம்பு நன்றாகக் காய்கிறவரை சிட்டு புளியமரத்தடியில்தான் நின்றது. வேப்பெண்ணெய் வாடை சுலைமானின் சட்டைவரை ஏறி, ஜட்காவில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

புது லாயத்துக்குள் போனதும் சிட்டு பழக்க தோஷத்தில் தடுப்பைக் கடித்தது. உதட்டைச் சுழித்தது, தும்மியது. இன்னொரு பலகையைக் கடித்தது. அங்கேயும் அதே கசப்பு. கடைசியில் வேறு வழியில்லாமல் கொள்ளைத் தின்றது. நாளாக ஆக அதுவே பழகி, தொட்டியை வழித்து நக்கிவிட்டு இன்னும் கொண்டா என்று கனைத்தது. விலா தெரிந்த உடம்பில் சதை பிடித்தது; மேல்தோல் மின்னியது.

பந்தயத்தன்று மெஹர்பானு மற்றப் பெண்களோடு ரோட்டோரத்தில் நின்றாள். போகும்போது சிட்டு நடுவில்தான் போனது. எல்லையில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்புகையில் மற்றக் குதிரைகள் நுரை தள்ள, இது அப்போதுதான் கிளம்பியதுபோல் வந்தது. சுலைமான் சாட்டையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் விட்டு, கடைசியில் வாசுதேவநல்லூர் பண்ணையாரின் பேர்போன வெள்ளைக் குதிரையையும் தாண்டி முதலில் வந்தது. துண்டைச் சுழற்றிக்கொண்டு முகைதீன் பிச்சை வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார்.

சாயங்காலம் பண்ணையார் குருசாமி நாலு பேரோடு லாயத்தைப் பார்க்க வந்துவிட்டார். பலகையைத் தடவி, விரலை முகர்ந்து, எப்படிப் பக்குவம் பண்ணினீர் என்று சுலைமானைக் கேட்டார். சுலைமான் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாது அண்ணாச்சி. அவகிட்ட கேளுங்க."

கூட்டம் மொத்தமும் அவள் நின்ற கதவுப் பக்கம் திரும்பியது. மெஹர்பானுவுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. வெளியே வந்தாள். மாலை போட்ட சிட்டுவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, பண்ணையாரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்.

"என்னத்த பூசுறதுன்னு பெறகு சொல்லுதேன். ஒங்க குதிரை என்னத்தக் கடிக்கி, மொதல்ல அதச் சொல்லுங்க."