மிஸியே தொமினிக்கின் ஆட்சேபணை

உப்பளம் பகுதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சந்திரகலாவுக்குக் காலையிலேயே போன். எதிர்த்தெரு ஜெனவியேவ் மதாம்தான். அவள் புருஷன், தெருவே 'மிஸியே' என்று மரியாதையாகக் கூப்பிட்ட தொமினிக், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"கலா, அந்த மனுசன் திரும்பி வந்துட்டாரு. கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துகினு இருக்காரு."

போய்ப் பார்த்தால், திரையில் 'n' எழுத்து எறும்பு வரிசை மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா எழுத உக்காந்தீங்க?"

மதாம் தயங்கினாள். மதாமுக்குத் தெரிந்த ஃப்ளோரான், பெண்டாட்டியை இழந்து பிரான்சில் தன் மகன் வீட்டில் இருப்பவர், 'நாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா?' என்று மெயில் அனுப்பியிருந்தார். சரி என்று பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கூத்து.

"பிரெஞ்சுல 'நோன்'னா வேணாம்னு அர்த்தம். மொத எழுத்தோட நிக்குறாரு. உசுரோட இருக்கும்போதே எதையும் முழுசா செய்யமாட்டாரு."

சந்திரகலாவுக்குச் சாமி மேலும் நம்பிக்கை இல்லை, பேய் மேலும் இல்லை. தூசி மேல் மட்டும் உண்டு. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூள், ஒரு கொண்டை ஊசி, செத்த கரப்பான் எல்லாம் விழுந்தன. 'n' நிற்கவில்லை. வேறு கீபோர்டு மாட்டினாள். அணைத்துப் போட்டாள். திரும்பவும் 'n'.

மதாம் கோயில் தீர்த்த பாட்டிலோடு வந்து நின்றாள். "ரெண்டு சொட்டு தெளிக்கட்டுமா?"

"தெளிச்சா கம்ப்யூட்டரும் மிஸியேகிட்ட போய்ச் சேர்ந்துடும், மதாம்."

கடைசியில் கீபோர்டு வயரையே பிடுங்கிப் போட்டாள். அப்போதும் ஓடியது! சந்திரகலா ஓரடி பின்னால் நகர்ந்தாள். "கடையில ஆள் காத்துகினு இருக்கும்" என்று முணுமுணுத்தபடி பையை எடுக்கக் குனிந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் நகக்கண் அளவுக்கு ஏதோ செருகியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"இது வயரில்லாத கீபோர்டோட ரிசீவர். மிஸியே அப்படி ஒண்ணு வெச்சிருந்தாரா?"

"ஆமா. நேத்துதான் அவரு சாமானையெல்லாம் அந்த மர அலமாரியில அடைச்சேன்."

அலமாரியைத் திறந்தார்கள். கீபோர்டின் மேல் பட்டாளத்துக் கோட்டு. கோட்டுப் பையில் பாதி ரம் பாட்டில். அதன் கழுத்து சரியாக 'n' மேல் அழுந்திக் கிடந்தது. கோட்டைத் தூக்கியதும் திரை அடங்கியது.

மதாம் திரையைப் பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்தாள்.

"குடிய வுட்டுட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணான், கலா! நானும் நம்பி மெழுகுவத்தி ஏத்துனேன்!"

அதுவரை இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. விறுவிறுவென்று போய் உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருந்த நீளமான கடிதத்தை விட்டுவிட்டு, இரண்டே விரலால் குத்திக் குத்தி எழுதினாள்: 'எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் குடிப்பீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.'

சந்திரகலா டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஞாயிற்றுக்கிழமை மட்டும். சில சமயம் சனிக்கிழமையும்.'

மதாம் வாய்விட்டுச் சிரித்தாள். "இந்தாளு நெசம் பேசறாரு, கலா. கட்டிக்கலாம்."

ஜனவரியில் கல்யாணம் நடந்தது.