மணிக்கட்டைத் தாண்டிய மை

தேர்தலன்று கலைமகளின் இடது சுட்டுவிரலில் வைத்த மை, மறு வாரமே மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. அந்த மாதம் அவர்கள் ஊரான புக்கிட் ரம்பாயில் கோழி விலையும் ஏறியிருந்ததால், அக்கம்பக்கத்தார் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். சவுக்காரம், மண்ணெண்ணெய் எதற்கும் மை அசையவில்லை. அவள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியும் நீலம் வெளியே தெரிந்தது. சூப்பர்வைசர் அவளைப் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றினார்.

வேறொரு வருடமாக இருந்தால் அதோடு போயிருக்கும். அந்த வருடம் கட்சிக்காரர்கள் பாராங் கத்தியோடு தெருவில் திரிந்தார்கள். மலாக்காவில் கடைகள் எரிந்தன. ஒழுங்குக் குழு என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம், நாடு அடங்கும்வரை எவரும் ஓட்டுப் போடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தது. மீறிப் போட்டவர்களை விரலைப் பார்த்து அடித்தது. பலர் மை மங்கும்வரை வீட்டிலேயே கிடந்தார்கள். கலைமகளுக்கு அந்த வழியும் இல்லை. மை முழங்கையை நெருங்கிக்கொண்டிருந்தது.

லாரி ஓட்டும் அவள் கணவன் கணேஸ்வரன் ஓட்டுப் போடவில்லை. அவனோடு லாரி ஓட்டும் தங்கையா போட்டார். அவர் தாடையை உடைத்துவிட்டார்கள்.

“ஊரே எரியுது, இப்ப ஓட்டு எதுக்கு லா?” என்றான் கணேஸ்வரன்.

“எரியாதப்ப நம்மள யாரு கேட்டாங்க?”

“தங்கையா அண்ணனுக்குக் கஞ்சி குடிக்க வாய் தொறக்க முடியல. அவர்கிட்ட போய்ச் சுதந்திரம்னு சொல்லிப் பாரு.”

அவள் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய்த் தங்கையாவின் உதட்டோரம் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். கிண்ணத்தைப் பிடித்திருந்த நீலக் கையை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு குடித்தார்.

ஒரு காலையில் தொழிற்சாலை பஸ்ஸைக் குழு மறித்தது. அடுத்த லோரோங் சந்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த விமலன் கட்டையோடு ஏறினான். பெண்கள் குனிந்துகொண்டார்கள். அவன் கலைமகளின் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினான்.

“தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிடுங்க அக்கா. விட்டுர்றேன்.”

சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். தங்கையாவின் தாடை கண்முன் நின்றது.

“தெரிஞ்சுதான் போட்டேன், தம்பி.”

கட்டையை ஓங்கியவன், பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். ஐந்து விரல்களும் நீலமாகியிருந்தன. அந்தக் கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, பஸ்ஸைப் போகச் சொல்லி இறங்கினான்.

பாக்கெட்டிலேயே எத்தனை நாள் வைத்திருப்பது? ஒரு சாயங்காலம் விமலன், உதடு கிழிந்து, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கலைமகள் வீட்டுப் பின்வாசலுக்கு ஓடிவந்தான். கணேஸ்வரன் இரும்புக் கம்பியோடு குறுக்கே நின்றான்.

“தங்கையா அண்ணன அடிச்ச கூட்டத்து ஆளு இவன்.”

“நான் ஓட்டே போடல அக்கா. சொன்னா எங்க குழு ஆளுங்களே நம்ப மாட்டேங்கிறானுங்க.”

“போட்டியான்னு நான் கேக்கல. அது உன் இஷ்டம். உள்ள வா.”

லோரோங்கில் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டது. கணேஸ்வரன் மனைவியைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவன்தான் வழிவிட்டான், கம்பியோடு முன்வாசலுக்கு நடந்தான். கலைமகள் விமலனை உள்ளே இழுத்துப் பின்கதவைத் தாழிட்டாள்.

“இது எங்க வீடு. உள்ள யாரு இருக்கணும்னு நாங்கதான் சொல்லணும்,” என்றான் வந்து நின்ற குழுக்காரர்களிடம். ஆள் அசையவில்லை. அவர்கள் வாசலில் நின்ற லாரியின் கண்ணாடியை நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

மழைக்காலத்தோடு கலவரம் அடங்கியது. ஏன் அடங்கியது என்று யாருக்கும் தெரியாது. விமலன் சிம்பாங் அம்பாட்டுக்குப் பட்டறையை மாற்றினான். நீலக் கைக்காரன் பட்டறை என்றால் அங்கே எல்லாரும் வழி சொல்வார்கள். அடுத்த தேர்தலில், மை வைக்கும் பெண் கலைமகளின் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இடம் இல்லை. கலைமகள் வலது கையை நீட்டினாள். வரிசையில் பின்னால் நின்ற கணேஸ்வரன், வெயில் ஏறுது, சீக்கிரம் நகரு என்றான்.