பதினான்கு என்ன?

எங்கள் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே பதினான்கு. பதினான்கு என்ன என்று கேட்காதீர்கள். பிரச்சினையே அதுதான்.

தப்பு என்னுடையது. பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாம் ஆண்டு சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். இருபத்து மூன்றாவது கேள்வி, இருப்பிடத்திலிருந்து கல்லூரிக்கு உள்ள தூரம். நான் 14 என்று எழுதினேன். கிலோமீட்டர் என்று எழுதவில்லை. பின்னே, ஒரு பெண், கல்லூரியிலிருந்து பதினான்கு அங்குலம் தள்ளியா குடியிருப்பாள்? பார்க்கிறவர்களுக்கே புரியும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பழக்கம் எனக்குப் பள்ளியிலேயே உண்டு. விடை சரியாக இருக்கும், அலகு இருக்காது. அலகு இல்லாவிட்டால் அரை மார்க் வெட்டு. பிளஸ் டூ முடிவதற்குள் எனக்கு இப்படிப் போனது முப்பத்தொன்றரை மார்க். அரை அரையாகப் போனதால் வலிக்கவில்லை.

கல்லூரியில் அரை மார்க் வெட்டுவதில்லை. எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் திங்கட்கிழமை அது பதினான்கு மீட்டராக இருந்தது. பல் விளக்கிக்கொண்டே வகுப்புக்குள் வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பதினான்கு கிலோவாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை பதினான்கு லிட்டர். குடை எதற்கும் உதவவில்லை. வியாழக்கிழமை நல்லபடியாகப் பதினான்கு கிலோமீட்டராக இருந்தது. மனுஷியைப் போல டவுன் பஸ்ஸில் வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அப்சர்வேஷன் நோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

லேபில் அளந்ததை அளந்தபடி எழுதும் நோட்டு அது. அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அன்றுதான் முதல் பிராக்டிகல்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, காலை ஒன்பதரைக்குக் கிளம்பினாள். பஸ் போய்விட்டதாம். நடந்து வருகிறேன், வழியில் எதிலாவது ஏறிக்கொள்கிறேன் என்றாள். அவள் கிளம்பியதும் பதினான்கு மறுபடியும் மாறிவிட்டது. இந்த முறை என்னவாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

பதினோரு நாள் ஆயிற்று. அம்மா இன்னும் வந்துகொண்டிருந்தாள்.

தினமும் போன் செய்தேன்.

"எங்கம்மா இருக்கற?"

"இதோ, கட்டடம் தெரியுது கண்ணு. மஞ்ச கலருதான?"

"ஆமா."

"முன்னாடி ஒரு தண்ணித் தொட்டி?"

"ஆமாம்மா."

"அப்ப வந்துட்டேன். வெச்சிரு."

பதினோரு நாளும் இதே பேச்சு. கம்பெனியில் தேடமாட்டார்களா என்று ஒருநாள் கேட்டேன். "அரை நாள் லீவு சொல்லியிருக்கறன்ல. அது இன்னும் முடியல" என்றாள்.

நீ ஏன் எதிரே போய்க் கூட்டி வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அட்டெண்டன்ஸ். எங்களுக்கு எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அரை நாள் வராவிட்டால் நாலு சதவீதம் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் லேடீஸ் ரூமில் ஒரு பெஞ்சில் தங்கி, ஒழுங்காக எல்லா வகுப்புக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் அம்மாவே போன் செய்தாள்.

"ஒரு செருப்பு வாரு அந்துபோச்சு கண்ணு. ஒண்ணும் இல்ல. கட்டடம் தெரியுது."

அவள் கணக்கில் அரை நாள்தான் நடந்திருக்கிறாள். செருப்பு மட்டும் பதினோரு நாளுக்குத் தேய்ந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அலுவலகத்துக்குப் போனேன்.

மூன்றாம் கவுண்டரில் கனகசபை என்ற எழுத்தர் இருந்தார். முதலாண்டுப் படிவங்கள் அவர் பொறுப்பு.

"என்னம்மா?"

"படிவத்துல தூரத்துக்கு அலகு போடணும் சார்."

கட்டைப் பிரித்து என் படிவத்தை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிந்துஜா. பதினாலு. பதினாலு என்ன? ஆடா, மாடா?"

இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறேன். எல்லா வாத்தியாரும் இதையேதான் கேட்டார்கள். ஒருவராவது கோழியா என்று கேட்டதில்லை. என் வாய் என்னை மீறிவிட்டது.

"ஆடுன்னே வெச்சுக்கங்க சார்."

அவர் பென்சிலால் 'ஆடு' என்று எழுதினார். போன் அடித்தது.

"கண்ணு, வழியெல்லாம் ஆடு நிக்குது. வரிசையா. பதிமூணு தாண்டிட்டேன்."

"இன்னும் ஒண்ணுதாம்மா! தாண்டிட்டு வா!"

"அது சினை ஆடு கண்ணு. குறுக்க படுத்திருக்குது. எந்திரிக்கட்டும், பாவம்."

"அம்மா, தாண்டும்மா!"

"சினை ஆட்டத் தாண்டுவாங்களா? நில்லு."

அதற்குள் கனகசபை ரப்பரை எடுத்து அழித்துவிட்டார். "உயிருள்ளதெல்லாம் செல்லாதும்மா. நான் சும்மா எழுதிப் பாத்தேன்."

போனில் அம்மா, "ஆட்டயெல்லாம் காணோம். கட்டடம் தெரியுது" என்றாள்.

ஒரு ஆடு. ஒரே ஒரு ஆட்டில் போயிற்று. "சார், ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம்னு இப்ப எவ்வளவு அழகா அலகோட சொல்ற. அன்னைக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாமில்ல?"

அலகைச் சேர்த்து எழுத வேண்டுமானால் பிரிட்ஜ் கோர்ஸ் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்றார். பள்ளியில் படித்தும் படியாமல் வந்தவர்களுக்கு அடிப்படைக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. படிவத்தோடு, அறை எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். 1.2 × 10².

ஒன்றாம் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் நடுவே, ஒன்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெறும் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரைத் தட்டினேன். நாற்பது நிமிடம் தட்டினேன். பெருக்கிக்கொண்டு வந்த ராமாயியக்கா விளக்குமாற்றை நிறுத்தினார்.

"புள்ளிய வலது பக்கம் ரெண்டு எடம் தள்ளு சாமி. ஒவ்வொரு வருசமும் ஒண்ணு வந்து இந்தச் சுவத்தத் தட்டுது."

சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. தள்ளினேன். துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போலக் கிறீச்சிட்டு நகர்ந்தது. இரண்டாம் முறை தள்ளியதும் நடைக்கூடம் நீண்டுகொண்டே போனது. நூற்றிருபது கதவுகள். கடைசிக் கதவு வரை நடந்தேன். ராமாயியக்கா நீண்டுபோன நடைக்கூடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதையும் அவர்தான் பெருக்க வேண்டும்.

பேராசிரியர் செங்கோட்டுவேலன் தராசில் ஒரு சாக்பீஸை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பார்த்த எடைகள் கரும்பலகை முழுவதும் இருந்தன. எல்லாம் அதே சாக்பீஸ். எழுத எழுத அது குறைந்துகொண்டே வந்தது. அதனால் மறுபடி எடை பார்த்தார்.

படிவத்தை நீட்டி, கிலோமீட்டர் என்று சேர்க்க வேண்டும் என்றேன்.

"பதினாலா, பதினாலு புள்ளி பூஜ்யமா?"

"ரெண்டும் ஒண்ணுதான சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழவு விழுந்த வீட்டில் உட்காருவதைப் போல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் படிவத்தாலேயே விசிறிக்கொண்டார்.

"கணக்கு வாத்தியாருக்கு ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல. புள்ளி பூஜ்யம் போட்டா, அது வரைக்கும் அளந்திருக்கேன்னு அர்த்தம். அளந்தியா?"

"இல்ல சார்."

"அப்பப் பதினாலுன்னு யாரு சொன்னா?"

"பஸ் கண்டக்டர்."

"அவரு அளந்தாரா?"

"விசில் அடிச்சாரு சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உனக்கு எவ்வளவு தெரியும்னு எழுதியிருக்க. சரி. எவ்வளவு தெரியாதுன்னு எங்க எழுதியிருக்க?"

"ஏறக்குறையத்தான் சார் எழுதுனேன்."

"ஏற எவ்வளவு? குறைய எவ்வளவு?"

வழியில் ஒரு செருப்போடு நிற்கிற அம்மாவை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? படிவத்தைக் கிழித்து அவர் தராசில் போடலாமா என்றிருந்தது. அப்போதுதான் தோன்றியது. குறைய வேண்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பதினோரு நாளாகத் தெரியும்.

"பதினாலு" என்றேன்.

"ஏறவா, குறையவா?"

எனக்குக் குறைய மட்டும் போதும். "ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா சார்?"

"இருக்கணும்."

"அப்ப ரெண்டும்."

"பதினாலு, கூட்டல் கழித்தல் பதினாலு. அதாவது பூஜ்யத்துல இருந்து இருபத்தெட்டு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் சர்வீஸ்ல இவ்வளவு மோசமான அளவை நான் பாத்ததில்ல. ஆனா பொய் இல்ல." கையெழுத்துப் போட்டார்.

நூற்றிருபது கதவுகளையும் ஓடியே கடந்தேன். கனகசபை இந்த முறை பேனாவால் எழுதினார். 14 ± 14 கிலோமீட்டர். முத்திரை குத்தினார். ஊதினார்.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள்.

"கட்டடம் தெரியுதுன்னு சொன்னன்ல" என்றாள்.

ஒரு காலில் செருப்பு இருந்தது. மறுகால் புழுதியாக இருந்தது. நான் கவுண்டர் முன்னாலேயே, வெட்கமில்லாமல், அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தாள். மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"சும்மா நடக்க முடியல கண்ணு. உன்ற நோட்டுல கொஞ்சம் எழுதிட்டேன். திட்டாத."

திறந்தேன். என் முதல் பக்கத்தில் ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டிருந்தாள். நான் போன் செய்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. 'நடந்தது: 20,412 அடி (என்ற காலடி).' 'வெய்யில்: 2 துண்டு நனைய.' 'ஆடு: 13 உருப்படி.' கடைசியில் 'மீதி' என்று ஒரு கட்டம். பதினோரு வரியிலும் அதில் ஒரே வார்த்தைதான் இருந்தது. 'கொஞ்சம்.'

அம்மா எட்டாவது வரை படித்தவள். எழுதிய எண் ஒன்றைக்கூட அலகு போடாமல் விடவில்லை.

போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. பெஞ்சில் அம்மாவின் போன் அவள் மடியில் சும்மா கிடந்தது.

"கண்ணு" என்றது போன். "இப்பக் கட்டடம் தெரியலையே. திடீர்னு நெம்ப தூரம் போயிட்ட மாதிரி இருக்குது."

"எங்கம்மா இருக்கற?"

"யாரு கண்டா? இதுவரைக்கும் பாக்காத ஊரு. காலு சுடுது."

கனகசபை தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். "இருபத்தெட்டு. அது அந்த ஓரம். நீதானம்மா ஏறவும் கேட்ட?"

பெஞ்சிலிருந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "போன்ல யாரு கண்ணு?"

"நீதாம்மா."

அவள் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "பாவம், காலைல அவ ஒண்ணும் சாப்புடல" என்றாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய்க் கூட்டியாறேன். நீ கிளாசுக்குப் போ. உனக்கு அட்டெண்டன்ஸ் போயிரும்."

இதுவரை நான் படிவத்தைத் திட்டினேன், கனகசபையைத் திட்டினேன், ஒரு சினை ஆட்டைக்கூடத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

"உக்காரும்மா" என்றேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கே இருப்பவளுக்கு அது வேண்டும்.

பிராக்டிகலுக்கு மணி அடித்தது. வாசலில் நின்று நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டாவது வரி. முதல் அடியை எடுத்து வைத்துவிட்டு எழுதினேன். 'நடந்தது: 1 அடி (என்னுடையது).'

இன்றோடு நான்கு நாள் ஆகிறது. எல்லாவற்றுக்கும் அலகு போட்டுக்கொண்டே நடக்கிறேன். அட்டெண்டன்ஸ் முப்பத்திரண்டு சதவீதம் போயிருக்கும். இன்று காலை வழியில் ஓர் ஆடு குறுக்கே படுத்திருந்தது. குட்டி போட்டிருந்தது. நான் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். 'ஆடு: 1 உருப்படி. குட்டி: 2 உருப்படி' என்று எழுதினேன்.

அலுவலகத்துப் பெஞ்சிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"எங்க கண்ணு இருக்கற?"

திரும்பிப் பார்த்தேன். நான்கு நாள் நடந்த பிறகும் கல்லூரி அங்கேயேதான் நின்றது. முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி.

"கட்டடம் தெரியுதும்மா."

"மஞ்ச கலருதான?"

"ஆமா."

"மீதி எவ்வளவு இருக்குது?"

முன்னால் பார்த்தேன். ரோடு வெயிலில் நீண்டு கிடந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

கொஞ்சம் என்ன என்று அம்மா கேட்கவில்லை.