உப்புப் பார்க்காத கோழிக்கால்

கைப்பேசியில் ஓடிய சமையல் வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுலயே ரொம்பச் சுலபமா கோழிக்கால் சமைக்க மூணு வழி இருக்குங்க!" சசிதரனுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

சுலபமாம். சொல்ல மாட்டாளா பின்னே? அவள் வீட்டு ஹாலில் மைத்துனி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் பெற்ற மகளின் துணிப்பை கட்டித் தயாராக இருக்கவில்லை.

மனைவி நவமணி இறந்து அன்றோடு முப்பது நாள். ஐந்தே நாள் டெங்கிக் காய்ச்சல், ஆள் போய்விட்டாள். முப்பதாம் நாள் படையலுக்காக அவளுடைய அக்கா தங்கமணியும் கணவர் நடராஜாவும் பெண்டாங்கிலிருந்து காலையிலேயே மெர்போக் வந்து இறங்கிவிட்டார்கள். படையல் முடிந்ததும் சாந்தினியைக் கையோடு கூட்டிப்போவதாகத் தங்கமணி போன வாரமே சொல்லிவிட்டாள். சாந்தினிக்கு வயது ஒன்பது.

சசிதரன் சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும். அதையெல்லாம் சமாளித்துக்கொள்வேன் என்று தொலைபேசியில் மன்றாடிப் பார்த்தான். தங்கமணி ஒரே போடாகப் போட்டாள்.

"நவமணிக்குப் புடிச்ச கிச்சாப் கோழிக்கால நீங்களே ஒத்தக் கையால சமைச்சுப் படைங்க தம்பி. வாயில வைக்கிற மாதிரி இருந்துச்சுன்னா நான் பேசாமப் போயிடறேன். இல்லாட்டி பிள்ளைய அனுப்பி வச்சிருங்க லா."

அவள் அப்படிச் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் கடையில் கட்டி வாங்கிவரும் தாப்பாவ் சாப்பாடு, அது இல்லையென்றால் சசிதரனின் உப்பில்லாத சமையல். பருப்பில் உப்பு இருக்காது, முட்டையில் இருக்காது. ஒருநாள் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த பொரித்த சோற்றிலும் இல்லை. அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு வந்திருந்த தங்கமணி, மிச்சமிருந்த அந்தச் சோற்றை ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டாள். பிள்ளை ஒரு மாதமாக இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இதில் இன்னொரு சங்கடம். படையலுக்குச் சமைப்பதை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. போனவர் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர் சாப்பிட வேண்டும். சமைக்கும்போது உப்புப் பார்க்க வேண்டும் என்பதே இதுவரை சசிதரனுக்கு நினைவு வந்ததில்லை. இன்று வந்தது, பார்க்கத்தான் வழியில்லை. வீடியோப் பெண் வேறு நிமிடத்துக்கு ஒருமுறை, "உப்புப் பாத்துக்குங்க, உப்புப் பாத்துக்குங்க" என்று உயிரை வாங்கினாள்.

அவித்துப் பொரிப்பது ஒரு வழி, ஓவனில் வாட்டுவது இன்னொரு வழி. இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதுக்கு வந்தான். விடியற்காலையில் பாசார்ச் சந்தையில் வாங்கிய எட்டுக் கால்களையும் எலும்பு தெரியும்வரை கீறினான். மஞ்சளும் மிளகும் எலுமிச்சைச் சாறும் தடவி அரை மணி நேரம் ஊறவைத்தான். நிதானமான தீயில் பொரித்து, எலும்போரம் குச்சியால் குத்திப் பார்த்தான். சிவப்பாக எதுவும் வடியவில்லை. பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வதக்கி, கெட்டி கிச்சாப்பை, அந்தக் கறுப்பு சோயாச் சாற்றை, ஊற்றிக் கால்களைப் போட்டான். மறந்துவிடக் கூடாதே என்று உப்பு டப்பாவைத் திறந்து, "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி ஒரு கரண்டி போட்டு, மூடியை இறுக்கி மூடினான்.

"தம்பி, வாழ எல எங்க?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

இலையை மறந்தே போயிருந்தான். கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினான். கிழியாத இலையாகத் தேடி வெட்டிக்கொண்டு வந்தபோது, தங்கமணி சமையலறையிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"தீ ஜாஸ்தியா இருந்துச்சு. கொறச்சேன்" என்றாள், அவன் முகத்தைப் பாராமல்.

வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். மணி பன்னிரண்டாகப் போகிறது, பன்னிரண்டரைக்குள் படைத்தாக வேண்டும். அவன் இன்னும் குளிக்கக்கூட இல்லை.

"சாந்தினி, அடி பிடிக்குதான்னு மட்டும் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனான்.

குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது சாந்தினி அடுப்பங்கரையில் இல்லை. அம்மாவின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். உப்பு டப்பாவின் மூடி மட்டும் சரியாக மூடாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

சசிதரன் டப்பாவையே பார்த்தான். இறுக்கி மூடினேனே? இல்லை, மூடவில்லையோ? அப்படியானால் உப்புப் போட்டதும் உண்மைதானா? "ஒண்ணு" என்று சொன்னது இன்றைக்கா, நேற்று ரசம் வைத்தபோதா? குழம்பு எதுவும் தெரியாததுபோலக் கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். விரல் கரண்டிவரை போனது. நவமணிக்கு எச்சில் பண்டத்தைப் படைப்பதா? விரலை இழுத்துக்கொண்டான்.

"மணி ஆச்சு தம்பி!"

உப்பில்லாமல் இருப்பதற்கு, கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அரைக் கரண்டி அள்ளிப் போட்டுக் கிளறினான். போட்ட மறு நொடியே, போட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

இலையில் சோறும் வடையும் நான்கு கோழிக்கால்களும் வைத்து, சூடம் காட்டி, எல்லாரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவள் நிம்மதியாக வந்து சாப்பிட ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் சசிதரன் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே நவமணி முதல் வாயை எடுத்துவிட்டு, "இதையா எனக்குப் போட்ட?" என்று கேட்பதுபோல் இருந்தது. பக்கத்தில் சாந்தினியும் சிலைபோல நின்றாள். வாசலில் அவளுடைய பை நின்றது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், இலையை எடுத்துவந்து பகிர்ந்துகொண்டார்கள். தங்கமணி காலைப் பிய்த்து ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்ற வாய் அப்படியே நின்றது. நடராஜா ஒரு வாய் கடித்துவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீர்ச் சொம்பை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன, கோழியா? தஞ்சோங் டாவாய் கருவாடா?" என்றாள் தங்கமணி.

சசிதரன் தன் இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வைத்தான். நாக்கு சுருண்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு தடவ போட்டுட்டேன் அக்கா. போட்டனா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு."

"ஒரு மாசமா ஒரு கல்லு உப்பு இல்ல. இன்னிக்கு என் தங்கச்சிக்குன்னு வர்றப்ப இப்படி. உங்களக் குத்தம் சொல்லல தம்பி. உங்களால முடியல, அவ்ளோதான்." தங்கமணி எழுந்து கையை உதறினாள். "சாந்தினி, கை கழுவிட்டு வா. கெளம்பலாம்."

சாந்தினி எழவில்லை. தன் இலையில் கிடந்த காலை ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டிருந்தாள். உதடு எரிந்து சிவந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றில் சொட்டியது.

"அப்பா மேல தப்பு இல்ல பெரிம்மா. நான்தான் போட்டேன்."

"என்னடி சொல்ற?"

"அப்பா குளிக்கப் போனப்ப. அப்பா எப்பவும் உப்பு மறந்துருவாங்க. இன்னிக்கும் மறந்திருந்தா நீங்க என்னையக் கூட்டிட்டுப் போயிருவீங்கல்ல? அதான் ஒரு கரண்டி போட்டேன். பெரிய கரண்டி." விக்கல் வந்தது. "நானும் போயிட்டா அப்பாவுக்கு யாரு உப்புப் பாப்பா?"

உப்பில்லாத சோற்றை ஒரு மாதமாகப் பேசாமல் தின்றவள், இன்று உப்புக் கரிக்கும் கறியையும் அழுதுகொண்டே தின்று தீர்க்கிறாள். சசிதரனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மகளை எட்டி இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நடராஜா சொம்பைக் கீழே வைத்தார். அதிகம் பேசாத மனிதர். மனைவியைப் பார்த்து மெல்லத்தான் கேட்டார்.

"தங்கம், நீ தீயத்தான் கொறச்சியா?"

தங்கமணி சுவரைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். ஒரு மாதமாக எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு, காரியங்களை எடுத்துச் செய்துகொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் திரிந்தவளின் முகம் கோணியது.

"என் தங்கச்சி உப்பில்லாமச் சாப்பிட்டுப் போயிருவாளோன்னு மனசு கேக்கல. நானும் ஒரு கை போட்டேன்" என்றவள் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நடராஜா எழுந்து, அவள் பக்கத்தில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாந்தினியின் அறைக்குள் வைத்துவிட்டு வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் தங்கமணி மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ஸ்கூல் லீவுக்கு மட்டும் அனுப்பி வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "உருளக்கெழங்கு எங்க தம்பி இருக்கு? மிச்ச நாலு காலையும் அலசிப் போட்டுக் கெழங்கோட கொதிக்க வச்சா உப்பு எறங்கிரும். இந்த வாட்டி நான் டப்பாவத் தொடல. நீங்களே வந்து பாருங்க."

சசிதரன் போனான். கிழங்கு வெந்ததும் அவள் கரண்டியில் குழம்பை அள்ளி நீட்டினாள். படையல் முடிந்துவிட்டது, இனி நாக்கில் வைக்கலாம். உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்தான். நவமணி அடுப்படியில் இப்படி நக்கிப் பார்ப்பதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறான். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"இன்னும் கொஞ்சம் கரிக்குது அக்கா" என்றான்.

"எனக்கும் பாக்கணும்" என்று சாந்தினி உள்ளங்கையை நீட்டினாள்.